மலையை வளைத்தார்கள், மாமூலை விட்டுவிட்டார்கள்!

(கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)



2024 ஆம் ஆண்டு ஜூன் 4 ஆம் தேதி நாடாளுமன்றத் தேர்தலின் வாக்குகளை எண்ணினார்கள். நமது தொகுதியிலும் வெடி வெடித்தார்கள், மாலை போட்டார்கள், மிட்டாய் கொடுத்தார்கள். இரண்டு வாரம் கழித்து அதே கள்ளக்குறிச்சியில் பிணங்களை எண்ண வேண்டி வந்தது. ஜூன் 18, 19 தேதிகளில் கருணாபுரத்தில் ஒருவர் பின் ஒருவராக வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்தார்கள். கண் தெரியவில்லை என்று கதறினார்கள். கள்ளக்குறிச்சி அரசு மருத்துவமனை நிரம்பி வழிந்தது. சேலத்துக்கும், முண்டியம்பாக்கத்துக்கும், புதுச்சேரி ஜிப்மருக்கும் ஆம்புலன்ஸ்கள் ஓடின. ஜூன் 20 ஆம் தேதி கோமுகி ஆற்றங்கரையில் சிதைகளை வரிசையாக அடுக்கித் தீ வைத்தார்கள். கடைசியில் கணக்கு 68 இல் வந்து நின்றது.

இந்த 68 பேரில் ஒரு மில் முதலாளி உண்டா? ஒரு கான்டிராக்டர் உண்டா? ஒரு வட்டிக்கடைக்காரர் உண்டா? மூட்டை சுமந்தவர்கள், கொத்து வேலைக்கும் கூலி வேலைக்கும் போனவர்கள், பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட மக்கள். பெண்களும் இறந்தார்கள். “பெண்கள் கூடவா குடிப்பார்கள்?” என்று நாக்கைச் சப்புக் கொட்டிய கனவான்களை நான் பார்த்தேன். நாள் பூராவும் சேற்றில் குனிந்து நாற்று நட்டுவிட்டு, இரவில் இடுப்பு நிமிராமல் ஒரு நாள் படுத்துப் பார்க்கட்டும் அந்தக் கனவான்கள். அப்புறம் பேசட்டும்.

குடியை நான் ஆதரிக்கவில்லை. குடி நம் வர்க்கத்தின் கூலியைத் தின்கிறது, சங்கத்தைத் தின்கிறது, வீட்டில் நம் பெண்களின் முதுகைத் தின்கிறது. ஆனால் செத்தவனைத் திட்டிவிட்டுக் கொன்றவனை விட்டுவிடுகிற ஒரு வழக்கம் இந்த நாட்டில் இருக்கிறது. அதற்கு நாம் துணை போகக் கூடாது. “குடித்துச் செத்தவனுக்குப் பத்து லட்சமா? பட்டாசு ஆலையில் வெந்து செத்த தொழிலாளிக்கு மூன்று லட்சம்தானே கொடுத்தார்கள்?” என்று அப்போது கேட்டார்கள். நல்ல கேள்விதான். ஆனால் அதற்குப் பதில் என்ன? பட்டாசுத் தொழிலாளியின் குடும்பத்துக்கும் பத்து லட்சம் கொடு என்பதுதான் தொழிலாளி கேட்க வேண்டிய கேள்வி. கருணாபுரத்து விதவையின் கையிலிருப்பதைப் பிடுங்கு என்று கேட்பது முதலாளியின் கேள்வி. (கைதட்டல்)

எது கொன்றது?

இதை எல்லோரும் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் இதிலேதான் முதல் பித்தலாட்டம் நடந்தது.

“கல்வராயன் மலைச் சாராயம் குடித்துச் செத்தார்கள்” என்று ஊரெல்லாம் பேச்சு. மலைச் சாராயம் என்றால் என்ன? வெல்லமும் வேலம்பட்டையும் கடுக்காயும் போட்டு டிரம்மில் ஊற வைக்கிறார்கள். அதற்குப் பெயர் ஊறல். பிறகு அடுப்பில் ஏற்றிக் காய்ச்சி, லாரி டியூபில் அடைத்துக் கீழே இறக்குகிறார்கள். அது நல்ல சரக்கு என்று நான் சான்றிதழ் கொடுக்கவில்லை. அதுவும் ஈரலைக் கெடுக்கும், குடும்பத்தைக் கெடுக்கும். ஆனால் கருணாபுரத்தில் ஒரே இரவில் ஆட்களைச் சாய்த்தது மெத்தனால். வார்னிஷுக்கும் தின்னருக்கும் ரசாயன ஆலைகளுக்கும் போகிற சரக்கு. பார்த்தால் தண்ணீர் மாதிரி, முகர்ந்தால் சாராயம் மாதிரி. உள்ளே போனதும் உடம்பு அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றிவிடும். முதலில் கண் நரம்பு போகும். பிறகு மூச்சுப் போகும். ஒரு சின்னக் கிளாஸ் போதும்.

மெத்தனாலை மலையில் காய்ச்ச முடியாது. அது ஆலையில் உற்பத்தியாகிற பொருள். டேங்கர் லாரியிலும் பேரலிலும் வருகிற பொருள். அதற்கு உரிமம் வேண்டும், இருப்புப் பதிவேடு வேண்டும். நம் மாநிலத்தில் மெத்தில் ஆல்கஹாலுக்கும் வார்னிஷுக்கும் 1959 ஆம் ஆண்டிலேயே தனி விதிகள் போட்டிருக்கிறார்கள். யார் வைத்திருக்கலாம், யாருக்கு விற்கலாம், எப்படிக் கணக்கு எழுத வேண்டும் என்பதற்கெல்லாம் சட்டம் இருக்கிறது. மலையில் ஊறல் போடுகிறவன் கணக்கு எழுத மாட்டான். மெத்தனால் விற்கிறவன் எழுதியே ஆக வேண்டும். எந்த ஆலையிலிருந்து எத்தனை பேரல் கிளம்பியது, யார் பேரில் பில் போட்டது, எந்த லாரியில் ஏறியது, எந்தச் சோதனைச் சாவடியைத் தாண்டியது என்பதெல்லாம் காகிதத்தில் இருக்கிறது. தேட வேண்டியவன் அங்கேதான் தேட வேண்டும்.

இது சர்க்காருக்குத் தெரியாத சங்கதியா? நன்றாகத் தெரியும். 2023 மே மாதம் மரக்காணம் பக்கம் எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இதே மாதிரி செத்தார்கள். அப்போது மாநிலப் போலீஸ் தலைவரே அறிக்கை விட்டார்: அது கள்ளச்சாராயமே இல்லை, தொழிற்சாலையிலிருந்து வந்த மெத்தனால் என்று. மரக்காணம் எங்கே இருக்கிறது? பக்கத்து விழுப்புரம் மாவட்டத்தில். பதின்மூன்று மாதம் கழித்து அதே விஷம், அதே மாதிரி ஏழைத் தெரு. இடையில் அந்தப் பதிவேடுகளை ஒழுங்காகப் புரட்டியிருந்தால் கருணாபுரத்துக்கு அந்த பாக்கெட் வந்திருக்குமா?

இன்னொன்று கேளுங்கள். கருணாபுரம் ஏதோ காட்டுக்குள் இருக்கிற ஊர் இல்லை. கள்ளக்குறிச்சி நகரத்துக்குள், நீதிமன்றத்துக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. மாவட்டத் தலைநகரம் அது! 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரித்துப் புது மாவட்டம் தொடங்கியபோது என்ன சொன்னார்கள்? நிர்வாகம் மக்கள் பக்கத்தில் வந்துவிட்டது என்றார்கள். வந்தது உண்மைதான். நிர்வாகமும் பக்கத்தில்தான் இருந்தது, சாராயமும் பக்கத்தில்தான் இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவில்லையாம்! (சிரிப்பு)

முதல் சாவுகள் விழுந்தபோது மாவட்ட நிர்வாகம் என்ன செய்தது? கள்ளச்சாராயம் காரணம் இல்லை என்று மறுத்தது. வயிற்றுப்போக்கு என்றும், வலிப்பு என்றும், முதுமை என்றும் காரணம் சொல்லப்பட்டது. சாவு வீட்டுக்கு வந்தவர்களும் அதே சரக்கை வாங்கிக் குடித்தார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. “விஷம், தொடாதே” என்று அந்தக் காலையிலேயே ஒரு ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டித் தெருத்தெருவாகச் சொல்லியிருக்க வேண்டாமா? ஓட்டுக் கேட்க எத்தனை ஆட்டோ கிடைத்தது!

மாமூல் என்றால் வழக்கம்

மாமூல் என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் தெரியுமா? வழக்கம் என்று அர்த்தம். பட்டா எழுத்துக்களில் “மாமூல் வாய்க்கால்”, “மாமூல் பாதை” என்று வரும், பார்த்திருப்பீர்கள். எவ்வளவு பொருத்தம் பாருங்கள்! லஞ்சம் என்றால் ஒரு காரியத்துக்காக ஒரு தடவை கொடுப்பது. மாமூல் என்றால் காரியமே இல்லாமல் மாதாமாதம் கொடுப்பது. கண்ணை மூடிக்கொண்டிருப்பதற்குச் சம்பளம். இதில் தனி ஒரு போலீஸ்காரரின் ஒழுக்கத்தைப் பேசிப் பிரயோசனம் இல்லை. தெருவில் பாக்கெட் விற்கிறவன் கொடுக்கிறான், அவனுக்கு மேலே சரக்கு இறக்குகிறவன் கொடுக்கிறான், அவனுக்கும் மேலே உள்ளூர்ப் பெரிய மனிதர் ஒருவர் இருக்கிறார். தேர்தல் வந்தால் அவர் வீட்டுத் திண்ணையில்தான் பூத் செலவுக் கணக்குப் பார்ப்பார்கள். கொடி மட்டும் ஆட்சிக்குத் தகுந்தபடி மாறும். திண்ணை மாறாது.

அதனால்தான் ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் ஒரே நாடகம் நடக்கிறது. கருணாபுரம் சாவுக்குப் பிறகு மாவட்ட ஆட்சியரை மாற்றினார்கள். போலீஸ் சூப்பிரண்டையும் மதுவிலக்குப் பிரிவு அதிகாரிகளையும் தற்காலிகமாக நீக்கினார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைமையில் விசாரணைக் கமிஷன் போட்டார்கள். ஜூன் 29 ஆம் தேதி சட்டசபையில் மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி, கள்ளச்சாராயத்தால் சாவு நேர்ந்தால் ஆயுள் தண்டனை, பத்து லட்சத்துக்குக் குறையாத அபராதம் என்று எழுதினார்கள். எழுதட்டும். ஆனால் அந்தச் சட்டம் யார் கையில் போகிறது? கண்ணை மூடிக்கொண்டிருக்க மாதச் சம்பளம் வாங்கிய அதே கையில்! தண்டனை பெரிதாக ஆக, மாமூலின் விலையும் ஏறும். இது சந்தை நியாயம்.

வழக்கை முதலில் மாநில சிபிசிஐடி விசாரித்தது. 2024 நவம்பர் 20 ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் அதை சிபிஐக்கு மாற்றியது. போலீஸ் தெரிந்தே கண்ணை மூடிக்கொண்டிருந்தது என்று நீதிமன்றம் கடுமையாகச் சொன்னது. அன்றைய திமுக அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. டிசம்பர் 17 ஆம் தேதி அந்த மனு தள்ளுபடியானது. நான் கேட்கிறேன்: விசாரணை வேறு கைக்குப் போகக் கூடாது என்று டில்லி வரை போய் வாதாட வேண்டிய அவசியம் என்ன? மாநில உரிமைதான் என்றால், மாநிலப் போலீசை வைத்தே மெத்தனால் பதிவேட்டின் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டி, பெரிய மீனைப் பிடித்துக் காட்டியிருக்கலாமே!

ஒரு தோழர் என்னைத் தனியாகக் கேட்டார்: “அந்தத் தேர்தலில் நாமும் அவர்கள் கூடத்தானே நின்றோம்? இப்போது இப்படிப் பேசலாமா?” நியாயமான கேள்வி. மறைக்க ஒன்றும் இல்லை. நாம் நின்றது மதவெறிக் கூட்டம் தமிழ்நாட்டில் கால் ஊன்றக் கூடாது என்பதற்காக. போலீஸ் ஸ்டேஷன் மாமூலுக்குக் காவல் நிற்பதாக எந்த உடன்பாட்டிலும் கையெழுத்துப் போடவில்லை. தேர்தல் கூட்டணி வாயைத் தைத்துக்கொள்வதற்கு இல்லை. கூட நின்றவன் கேட்கிற கேள்விக்குத்தான் பலம் அதிகம்.

கள்ளச் சரக்கும் சர்க்கார் சரக்கும்

எதிர்க்கட்சிகள் அப்போது ஆடிய ஆட்டத்தையும் பார்த்தோம். அண்ணா திமுகவினர் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு சட்டசபைக்குப் போனார்கள். சரி. 2001 ஆம் ஆண்டு பண்ருட்டிப் பக்கம் விஷச் சாராயம் குடித்து ஏழைகள் கொத்துக் கொத்தாகச் செத்தபோது யாருடைய ஆட்சி? 2003 ஆம் ஆண்டு தெருத்தெருவாக டாஸ்மாக் கடை திறந்து சில்லறை வியாபாரத்தையே சர்க்காருக்குச் சொந்தமாக்கியது யார்? பாஜகவினரும் வந்து கண்ணீர் விட்டார்கள். குஜராத்தில் அவர்களுடைய ஆட்சி, அங்கே மதுவிலக்கும் உண்டு. 2022 ஜூலையில் போட்டாட் மாவட்டத்துப் பக்கம் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அங்கேயும் ஆலையிலிருந்து வந்த மெத்தில் ஆல்கஹால்தான்! பீகாரில் 2016 முதல் மதுவிலக்கு. 2022 டிசம்பரில் சரண் மாவட்டத்தில் சாவு எழுபதைத் தாண்டியது என்று செய்தி வந்தது. கடையைத் திறந்து வைத்த மாநிலத்திலும் சாகிறான், மூடிய மாநிலத்திலும் சாகிறான். எங்கேயும் சாகிறவன் கூலிக்காரன்.

ஏன் என்று கேட்டால் விலையைப் பாருங்கள். 2024 இல் டாஸ்மாக் கடையில் மிக மலிவான குவார்ட்டர் 140 ரூபாய். கருணாபுரத்துப் பாக்கெட் 60 ரூபாய் என்று பத்திரிகைகள் எழுதின. அந்த வருஷம் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் சட்டப்படியான கூலி 319 ரூபாய். அதுவும் முழுசாகக் கைக்கு வந்தால்! 2025 ஜனவரியில் 1,056 கோடி ரூபாய் கூலி பாக்கி என்று அன்றைய முதலமைச்சரே பிரதமருக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. கூலியும் வரவில்லை, குவார்ட்டர் விலையும் ஏறுகிறது என்றால் பழக்கப்பட்ட கை அறுபது ரூபாய்ப் பாக்கெட்டைத் தேடிப் போகிறது. சர்க்கார் தன் சரக்கின் விலையை ஏற்றும்போதெல்லாம் கள்ளச் சரக்குக்காரனுக்குத் தாம்பூலம் வைத்து அழைப்பு விடுகிறது.

சர்க்காரின் வரும்படி எவ்வளவு? 2023-24 ஆம் ஆண்டில் டாஸ்மாக் மூலம் வந்த வருவாய் 45,855 கோடி ரூபாய். நாளொன்றுக்கு ஏறத்தாழ 125 கோடி. இது பங்களாக்காரர்களின் பையிலிருந்து மட்டும் வந்த பணமா? சனிக்கிழமை கூலி வாங்கிய ஆலைத் தொழிலாளியின் பையிலிருந்தும், அறுவடைக் கூலி வாங்கிய விவசாயத் தொழிலாளியின் மடியிலிருந்தும் வந்த பணம். சொத்துள்ளவனிடம் வாங்க வேண்டிய வரியை வாங்கத் தைரியமில்லாத சர்க்கார், உழைப்பவனிடம் பாட்டில் பாட்டிலாக வரி வாங்குகிறது. சரக்கைத் தயாரிப்பவர்கள் தனியார் ஆலை முதலாளிகள். விற்றுக் கொடுப்பது சர்க்கார். இப்படி ஒரு ராஜயோகம் வேறு எந்த முதலாளிக்காவது உண்டா? அவன் சரக்குக்குக் கடை வாடகை, கடை ஆள், போலீஸ் பந்தோபஸ்து எல்லாம் நம் செலவு!

2025 மார்ச்சில் அமலாக்கத் துறை டாஸ்மாக் தலைமை அலுவலகத்தில் புகுந்து சோதனை போட்டது. ஆயிரம் கோடி முறைகேடு என்றது. மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அந்த விசாரணைக்குத் தடை போட்டது. மத்திய ஏஜென்சிகளை எதிர்க்கட்சி மாநிலங்கள் மேல் ஏவிவிடுகிற சூழ்ச்சியை நாம் அறிவோம், எதிர்க்கிறோம். ஆனால் டில்லிக்காரனின் சூழ்ச்சியைக் காட்டி டாஸ்மாக் கணக்கை மூடிவைக்கவும் விட முடியாது. பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூட வாங்குகிறார்கள் என்பது குடிக்கிற ஒவ்வொரு தொழிலாளிக்கும் தெரியும். அதற்கு அமலாக்கத் துறை வர வேண்டியதில்லை.

இந்த மண்ணில் ஒரு காலத்தில் வேறு மாதிரியும் நடந்தது. சென்னை மாகாணத்தில் மதுவிலக்கை முதலில் சேலம் மாவட்டத்தில்தான் தொடங்கினார்கள், 1937 அக்டோபரில். மாகாணம் முழுவதும் பரவியது 1948 இல். அப்போது முதல் மந்திரி ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். திண்டிவனம் பக்கத்து ஓமந்தூர்க்காரர், நம் பழைய தென்னாற்காடு ஜில்லாக்காரர். அவருடைய கட்சி காங்கிரஸ். நம் தோழர்களைச் சிறையில் போட்ட சர்க்கார் அது. ஆனாலும் சாராய வரும்படி இல்லாமல் ஒரு சர்க்கார் நடக்க முடியும் என்பதை அந்தக் காலம் காட்டியது. 1971 இல் திமுக ஆட்சி கதவைத் திறந்தது. பிறகு மூடினார்கள், திறந்தார்கள், மறுபடி மூடினார்கள், மறுபடி திறந்தார்கள். 2016 தேர்தலில் இரண்டு பெரிய கட்சிகளுமே மதுவிலக்கு என்று வாக்குறுதி கொடுத்தன. 2016 இல் ஐநூறு, 2017 இல் ஐநூறு, 2023 ஜூனில் ஐநூறு என்று கடைகளை மூடியதாகக் கணக்குக் காட்டினார்கள். கடை குறைந்தது. வருவாய் குறைந்ததா? 2022-23 இல் 44 ஆயிரம் கோடி, மறுவருஷம் 45 ஆயிரம் கோடிக்கு மேல்!

மலைமேல் போன பட்டாளம்

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

கருணாபுரத்தில் சாவு விழுந்தது. விஷம் ஆலையிலிருந்து வந்தது. விற்பனை நகரத்துக்குள் நடந்தது. ஆனால் போலீஸ் பட்டாளம் எங்கே போனது? கல்வராயன் மலைக்குப் போனது! ஓடை ஓடையாகத் தேடினார்கள், டிரோன் பறக்க விட்டார்கள், ஊறலைக் கொட்டினார்கள், படம் பிடித்துப் பத்திரிகைக்குக் கொடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் இத்தனை ஆயிரம் லிட்டர் ஊறல் அழிப்பு என்று செய்தி வருகிறது. அத்தனை ஊறலுக்கும் வெல்லம் எங்கிருந்து வந்தது? மலையில் கரும்பு ஆலையா இருக்கிறது? கச்சிராயபாளையம் வழியாகவும் இன்னும் இரண்டொரு பாதை வழியாகவும் மூட்டை மூட்டையாக வெல்லம் மேலே ஏறுகிறது. கரியாலூரில் போலீஸ் ஸ்டேஷன் இருக்கிறது, வனத்துறைச் சாவடி இருக்கிறது. சொந்த உபயோகத்துக்கு ஒரு மூங்கில் வெட்டினால் மோப்பம் பிடிக்கிற சாவடி, டெம்போ நிறைய வெல்லம் போனால் மோப்பம் பிடிக்காதா? வெல்லம் ஏற்றியவனுக்கு முதல் யாருடையது? வெள்ளிமலை ஆதிவாசியுடையதா? அவன் ஊறலுக்குக் காவலிருக்கிற கூலி. கீழ்நாட்டு வியாபாரி முதலாளி. பிடிபடுவது கூலி, பிடிபடாதது முதல்.

அந்த மலையின் கதையைச் சொன்னால் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். நாடு 1947 இல் சுதந்திரம் வாங்கியது. ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948 இல் வந்தது. கல்வராயன் மலையோ 1976 வரைக்கும் மூன்று ஜாகிர்தார்களின் கையில் இருந்தது! கீழே கள்ளக்குறிச்சியில் நாம் ஐந்தாறு பொதுத் தேர்தல் பார்த்துவிட்டோம். மேலே ஜாகிர்தாருக்கு வரி கட்டிக்கொண்டிருந்தான் மலையாளி ஆதிவாசி. ஜாகிர் போனதும் வனத்துறை வந்தது. தலைமுறை தலைமுறையாகச் சாமையும் தினையும் மரவள்ளியும் போட்ட நிலத்தை “காப்புக்காடு” என்றது. கடுக்காய், புளி, தேன் எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு குத்தகைதாரன், ஒரு தரகன்.

2006 ஆம் ஆண்டில் இடதுசாரிகள் நாடாளுமன்றத்தில் பலமாக இருந்த காலத்தில் வன உரிமைச் சட்டம் வந்தது. உழுத நிலம் உழுதவனுக்கு, காட்டு விளைபொருள் மலைமக்களுக்கு என்று சட்டம் சொன்னது. தமிழ்நாட்டில் என்ன நடந்தது? நீதிமன்றத் தடை என்று சொல்லி 2016 வரை பட்டா கொடுக்காமல் வைத்திருந்தார்கள். உச்ச நீதிமன்றம் தடையை நீக்கிய பிறகும் மனுக்கள் ஆபீசில் தூங்குகின்றன. நிலத்துக்குப் பட்டா இல்லையென்றால் கடன் இல்லை, கிணறு இல்லை, மின்சார இணைப்பு இல்லை. பிழைக்க வழி? கேரளத்துக்கு மிளகு பறிக்கப் போ, குடகுக்குக் காப்பித் தோட்டத்துக்குப் போ, இல்லையென்றால் ஏஜென்ட் கூப்பிடுகிறான், ஆந்திராவுக்குச் செம்மரம் வெட்டப் போ. 2015 ஏப்ரல் 7 ஆம் தேதி சேஷாசலம் காட்டில் இருபது தமிழ்க் கூலிகளைச் சுட்டுக் கொன்றார்களே, ஜவ்வாது மலையிலும் சித்தேரி மலையிலும் எத்தனை வீடுகளில் ஒப்பாரி! எங்கேயும் போக முடியாதவன் ஊறலுக்குக் காவலிருக்கிறான்.

2024 இல் சென்னை உயர் நீதிமன்றமே தானாக முன்வந்து கல்வராயன் மலைமக்களின் நிலைமை பற்றி வழக்கெடுத்தது. முதலமைச்சரோ அமைச்சரோ மலைக்குப் போய் நேரில் பாருங்கள் என்று சொன்னது. நீதிபதி சொல்லித்தான் மந்திரிக்கு மலை இருக்கிற திசை தெரிய வேண்டுமா? ஓட்டுக் கேட்கப் போனபோது வழி தெரிந்ததே!

மலைமேல் பட்டாளம் போனால் என்ன நடக்கும் என்பது நமக்கு ஏற்கெனவே தெரியும். 1992 ஜூன் 20 ஆம் தேதி, சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி. சந்தனக் கடத்தலைப் பிடிக்கிறோம் என்று வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் சேர்ந்து புகுந்தன. ஊரைச் சூறையாடினார்கள், பதினெட்டுப் பெண்களைச் சீரழித்தார்கள். கடத்தலின் லாபம் தின்ற பெரிய மனிதர்கள் வீட்டுக் கதவை யாரும் தட்டவில்லை. மலைவாழ் மக்கள் சங்கமும் கட்சியும் அந்த மக்களோடு நின்று வருஷக்கணக்கில் நடத்திய போராட்டத்தால் 2011 செப்டம்பர் 29 ஆம் தேதி, உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்று தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 இல் அதே செப்டம்பர் 29 இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. முப்பத்தொரு வருஷம்! வாச்சாத்திப் பெண்கள் ஒரு நாள்கூட வழக்கை விடவில்லை. கருணாபுரத்து வழக்கும் அப்படித்தான் காக்கப்பட வேண்டும். சிபிஐக்குப் போய்விட்டது என்று நாம் வீட்டுக்குப் போய்விட முடியாது. சிபிஐயும் சர்க்கார் ஆபீஸ்தான். அங்கேயும் பைல் தூங்கும்.

நாம் என்ன செய்வது?

மலைமக்களும் கருணாபுரத்து மக்களும் ஒருவரையொருவர் குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டும் என்பது மாமூல் வாங்குகிறவனின் ஆசை. மலைக்காரன் காய்ச்சினான், சேரிக்காரன் குடித்தான், கதை முடிந்தது என்று எழுதிவிட்டால் நடுவில் நிற்பவன் தப்பித்துக்கொள்வான். அதனால் இந்த மேடையில் வெள்ளிமலையிலிருந்து வந்த தோழர்களும் நகரத்துச் சுமைத் தொழிலாளர்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதை நான் பெரிய காரியமாக நினைக்கிறேன்.

மெத்தனால் விஷயத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் மனுப் போடுங்கள். நம் மாவட்டத்தில் எத்தனை பேருக்கு மெத்தனால் உரிமம், கடைசியாக இருப்பைச் சோதித்தது எந்தத் தேதி, எந்த அதிகாரி என்ற மூன்று கேள்வி போதும். நீளமாக எழுதினால் பதில் சொல்லாமலிருக்கச் சௌகரியமாகப் போய்விடும். அரிசி ஆலையிலும் சர்க்கரை ஆலையிலும் இருக்கிற தோழர்கள் இதை எழுதிக்கொடுக்கலாம்.

கூலி பட்டுவாடா பற்றி ஒரு வார்த்தை. மேஸ்திரி கூலியைக் கடை வாசலில் வைத்துக் கொடுக்கிற வழக்கம் இன்னமும் சில இடங்களில் இருக்கிறது. அதைச் சங்கம் நிறுத்த வேண்டும். வேலைத்தலத்திலேயே கூலி, அதுவும் பொழுது சாய்வதற்கு முன்னால். இது சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். வீட்டிலிருக்கிற தாய்மார்களைக் கேட்டால் இதன் மதிப்பைச் சொல்வார்கள்.

தாய்மார்களுக்கும் ஒன்று. 2017 இல் உச்ச நீதிமன்ற உத்தரவினால் நெடுஞ்சாலைக் கடைகளை மூடி ஊருக்குள் கொண்டுவரப் பார்த்தபோது, தமிழ்நாடெங்கும் பெண்கள் துடைப்பத்தோடு நின்றார்கள். திருப்பூர் பக்கம் சாமளாபுரத்தில் ஒரு பெண்ணைப் போலீஸ் அதிகாரி கன்னத்தில் அறைந்ததை ஊரே டெலிவிஷனில் பார்த்தது. அறை வாங்கியும் பெண்கள் நகரவில்லை. எந்தத் தெருவில், எந்த வீட்டில் பாக்கெட் விற்கிறது என்பது போலீசுக்கு முன்னால் உங்களுக்குத் தெரியும். தனியாகப் போய்ப் புகார் கொடுக்காதீர்கள், புகார் கொடுத்தவர் பேர் அரைமணி நேரத்தில் விற்பவன் காதுக்குப் போய்விடும். இருபது பேராகப் போங்கள், எழுத்தில் கொடுங்கள், ரசீது வாங்குங்கள். நகல் ஒன்று ஆட்சியருக்கு, ஒன்று கட்சி ஆபீசுக்கு.

மலைத் தோழர்களே, வன உரிமை மனுவில் கிராம சபைத் தீர்மானம்தான் அஸ்திவாரம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் சபை கூடும். சும்மா கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிடப் பார்ப்பார்கள். எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு பையனையோ பெண்ணையோ முன்னால் உட்கார வையுங்கள். நில அனுபவம், கடுக்காய் புளி உரிமை, மலையில் சாராய வியாபாரிக்கு இடமில்லை என்பது, மூன்றையும் தனித்தனித் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். எழுதியதை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். ஊராட்சிச் செயலரின் கையெழுத்தும் முத்திரையும் உள்ள நகலைக் கையில் வாங்காமல் யாரும் எழுந்து வீட்டுக்கு வராதீர்கள்.